தேர்தல், வட்டி, வதந்தி: சுன்னாகத்துக் குடும்பம் ஒன்றின் முதலீடு, 2021–2025 (நிகழ்வு ஆய்வு)

யாழ்ப்பாணத்தில் சிறு வியாபாரிகளுக்கும் ஓய்வூதியர்களுக்கும் கணக்கும் வரிப் படிவமும் செய்துகொடுப்பது என் தொழில். 2022இன் நடுப்பகுதியில் என்னிடம் வந்த குடும்பங்களில் பலவற்றுக்கு ஒரே பிரச்சினை: செய்தியைக் கேட்டு பங்கு வாங்கினார்கள், செய்தியைக் கேட்டு விற்றார்கள், இரண்டிலும் காசு போனது. அவர்களில் ஒரு குடும்பத்தின் விவரத்தை அவர்களின் சம்மதத்தோடு இங்கே பதிகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. தொகைகள் முழு எண்களாக்கப்பட்டுள்ளன.

குடும்பமும் அவர்களின் காசும்

தாய் ஓய்வுபெற்ற ஆசிரியை. தகப்பன் சுன்னாகத்தில் உரமும் கிருமிநாசினியும் விதையும் விற்கும் கடை வைத்திருக்கிறார். மகன் தனியார் நிறுவனமொன்றின் யாழ்ப்பாணக் கிளையில் வேலை செய்கிறார். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. கோப்பாயில் உள்ள காணியில் வீடு கட்டிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். 2022 ஆவணியில் அத்திவாரம் போடுவது என்று பேச்சு.

தாய்க்கு (இனி ரீச்சர் என்றே சொல்கிறேன்) கிடைத்த பணிக்கொடை 24 இலட்சம். அது முழுவதும் வங்கியில் நிலையான வைப்பில் கிடந்தது. 2021இல் ஒரு வருட வைப்புக்கு அவர்களுக்குக் கிடைத்த வட்டி 5 வீதத்துக்குச் சற்று மேல். அதற்கு முன்பெல்லாம் 10 வீதத்துக்கு மேல் வட்டி வாங்கிப் பழகியவர்களுக்கு அது மிகக் குறைவாகத் தெரிந்தது.

அந்த வட்டி ஏன் அப்படி விழுந்தது என்று பார்க்க 2019 நொவம்பருக்குப் போக வேண்டும். ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ வென்றதும் பங்குச் சந்தை மகிழ்ச்சியோடு ஏறியது. இரண்டு வாரத்துக்குள், டிசெம்பர் 1 முதல் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. மற்ற வரிகளும் குறைந்தன. மக்களும் கம்பனிகளும் வரவேற்றார்கள். அடுத்த வருடம் கொரோனா வந்தது. அரசாங்கத்தின் வருமானம் சுருங்கியது, சர்வதேச சந்தையில் கடன் வாங்கும் வழி அடைபட்டது, மத்திய வங்கி காசை அச்சிட்டு வட்டியை அடியில் வைத்திருந்தது. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு 2021 இறுதியில் 3.1 பில்லியனுக்கு வந்துவிட்டது. தேர்தல் முடிவுக்குச் சந்தை முதல் வாரத்தில் காட்டிய முகத்துக்கும், அதே முடிவு இரண்டு வருடத்துக்குப் பிறகு கொண்டுவந்த விளைவுக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு இந்த நிகழ்வில் மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

இன்னொரு அடி நேராகக் கடையிலேயே விழுந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சுன்னாகத்தைச் சூழ்ந்த வலிகாமப் பகுதியின் வெங்காய, உருளைக்கிழங்குத் தோட்டங்களை நம்பியிருந்த கடையின் வியாபாரம் பாதிக்குக் கீழே போனது. நொவம்பரில் தடை நீங்கியபோதும் சரக்கு வரவில்லை. வந்ததை வாங்கத் தோட்டக்காரரிடம் காசும் இல்லை. வங்கி வட்டி போதாது, கடை ஓடவில்லை, வீட்டு வேலைக்குத் திகதி நெருங்குகிறது. மகன் பங்குச் சந்தையைப் பற்றிப் பேசத் தொடங்கியது இந்த நிலையில்தான். அவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2021 ஒக்டோபர்: வாங்கிய முடிவு

அப்போது கைத்தொலைபேசியிலேயே பங்குக் கணக்குத் திறக்கலாம் என்று ஆகியிருந்தது. மகனின் நண்பர்கள் பலர் திறந்திருந்தார்கள். வட்ஸ்அப் குழுக்களில் எந்தப் பங்கு எங்கே போகும் என்று தினமும் பேச்சு. கொழும்புப் பங்குச் சந்தையின் சுட்டெண் (சந்தையிலுள்ள எல்லாப் பங்குகளின் விலைப் போக்கையும் காட்டும் எண்) 10,000 அளவில் நின்றது. 2020 முடிவில் அது 6,774தான்.

ரீச்சரின் 24 இலட்சத்தில் 12 இலட்சம் வைப்பிலிருந்து எடுக்கப்பட்டது. தரகர் நிறுவனம் அதன்மேல் 8 இலட்சம் கடன் கொடுத்தது. மொத்தம் 20 இலட்சத்துக்கு இரண்டே இரண்டு கம்பனிகளின் பங்குகள். இரண்டும் அந்த நேரத்தில் எல்லோரும் பேசிய, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த பங்குகள். ஆறு மாதத்தில் இரட்டிப்பாகும், பிறகு எடுத்து அத்திவாரம் போடலாம் என்பது திட்டம்.

கடன் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்ட ரீச்சருக்கு அதில் இரண்டு விடயம் தெரியாது. ஒன்று, பங்கின் பெறுமதி ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் தரகர் மேலதிகக் காசு கேட்கலாம், கட்டாவிட்டால் அவர்களைக் கேட்காமலே பங்கை விற்கலாம். மற்றது, கடன் வட்டி நிலையானதல்ல, சந்தை வட்டியோடு சேர்ந்து ஏறும்.

2022 ஜனவரி முதல் ஏப்ரல் வரை

ஜனவரியில் சுட்டெண் 13,000ஐத் தாண்டியது. இவர்களின் 20 இலட்சம் கடதாசியில் 27 இலட்சமாகத் தெரிந்தது. அந்த மாதம் 18ஆம் திகதி அரசாங்கம் 500 மில்லியன் டொலர் சர்வதேசக் கடன்பத்திரத்தைத் திருப்பிக் கட்டியது. சந்தையில் அதை நல்ல செய்தியாக எடுத்தார்கள். மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாத நாடு இருக்கிற டொலரையும் கடனுக்குக் கட்டுகிறது என்றும் அதை வாசித்திருக்கலாம். ஒரே செய்தி, இரண்டு வாசிப்பு. அன்றைக்கு முதலாவதுதான் வென்றது.

அப்போது தகப்பன் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். "அரைவாசியை வித்து அந்தக் கடனைக் கட்டு. மிச்சம் நிக்கட்டும்." வியாபாரியின் புத்தி அது. கடன் சரக்கு விலை ஏறினால் முதலில் கடனைத்தான் தீர்ப்பார்கள். மகன் கேட்கவில்லை. "அப்பா, இன்னும் ரெண்டு மாசம்" என்றார்.

மார்ச் 7ஆம் திகதி ரூபாய் மிதக்க விடப்பட்டது, அதாவது அதன் மதிப்பு சந்தையின் போக்குக்கு விடப்பட்டது. 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. மார்ச் நடுப்பகுதியில் தரகரிடமிருந்து அழைப்பு: 2 இலட்சம் கட்ட வேண்டும். மகளுக்கென்று வைத்திருந்த நகையை அடைவு வைத்துக் கட்டினார்கள். மாத இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டு. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அடியாக 7 வீதப் புள்ளி உயர்த்தியது. வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வீதம் 7.5இலிருந்து 14.5 ஆனது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. புத்தாண்டு முடிந்து ஒரு கிழமை பங்குச் சந்தை மூடப்பட்டிருந்தது. 25ஆம் திகதி திறந்தபோது முக்கிய 20 கம்பனிகளின் சுட்டெண் 10 வீதத்துக்கு மேல் விழுந்ததால் அன்றைய வியாபாரமே நிறுத்தப்பட்டது.

அந்தக் கிழமையில் தரகர் இவர்களின் பங்குகளை விற்றார். கிடைத்தது 11.5 இலட்சம். கடனும் வட்டியும் கழிய 5 இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் நகையை மீட்டார்கள். ரீச்சரின் 12 இலட்சத்தில் மிஞ்சியது 3 இலட்சம்.

வட்டி ஏறினால் பங்கு ஏன் விழுகிறது என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கியே 20 வீதம் தரும்போது ஆபத்தோடு பங்கில் 10 வீதத்துக்காக யாரும் நிற்கமாட்டார்கள். கம்பனிகளின் கடன் செலவு கூடி இலாபம் குறையும். கடனில் பங்கு வாங்கியவர்கள் விற்றே ஆகவேண்டும், அந்த விற்பனை விலையை இன்னும் தள்ளும். இந்த மூன்றாவது காரணம்தான் இவர்களின் பங்குகளைச் சுட்டெண்ணைவிட அதிகமாக வீழ்த்தியது. எல்லோரும் கடனில் வாங்கிய பங்குகள் அவை.

என்னிடம் வந்தபோது

2022 மே மாதம், பெற்றோல் வரிசைகள் முடிவில்லாமல் நீண்ட நாட்களில், ரீச்சரும் மகனும் வந்தார்கள். கையில் இருந்தது: வைப்பில் 12 இலட்சம், பங்கு விற்று மிஞ்சிய 3 இலட்சம். கனடாவில் இருக்கும் ரீச்சரின் தம்பி வீட்டுக்கென்று 5,000 கனேடிய டொலர் தருவதாகச் சொல்லியிருந்தார்.

ரீச்சர் எல்லாவற்றையும் தங்கப் பவுணாக்கி வைக்க விரும்பினார். மகன் "இப்ப அடியில நிக்குது அண்ணை, இப்ப வாங்கினாத்தான் விட்டதைப் பிடிக்கலாம்" என்றார். கனடா மாமா தொலைபேசியில் "வங்கியெல்லாம் படுக்கப்போகுது, காசை வீட்டில வையுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அவர்களிடம் முதலில் கேட்டது சந்தையைப் பற்றியல்ல. எந்தக் காசு எந்த மாதம் தேவை என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். எழுதியதும் ஒன்று தெளிவாகியது: வீட்டுக் காசு முழுவதற்கும் திகதி இருந்தது. திகதி உள்ள காசு ஏற்கெனவே ஒருமுறை பங்குக்குப் போய் வந்துவிட்டது. இன்னொன்றும் தெரிந்தது. கடை, மகனின் சம்பளம், பங்கு, வைப்பு எல்லாமே இந்த நாட்டின் பொருளாதாரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. கடை படுத்த அதே காரணத்தாலேயே பங்கும் படுத்தது. ரூபாய் விழும்போது பெறுமதி கூடிய ஒரே பொருள் மாமாவின் டொலர்தான். முந்தின வருடம் 8 இலட்சமாக இருந்திருக்கக்கூடிய அதே 5,000 டொலர் அந்த நாட்களில் ஏறக்குறைய 14 இலட்சம். சீமெந்து விலை மூன்று மடங்குக்குக் கிட்டப் போனதில் ஒரு பகுதியை அது ஈடுசெய்தது. வெளிநாட்டில் உறவினர் உள்ள குடும்பங்கள் தங்களிடம் இப்படியொரு பாதுகாப்பு இருப்பதைக் கணக்கில் எடுப்பதேயில்லை. இவர்கள் எடுத்திருந்தால் 2021இல் அவ்வளவு பதற்றப்பட்டிருக்கத் தேவையில்லை.

2022 ஜூன் – ஒக்டோபர்: எடுத்த முடிவுகள்

வீட்டு வேலை தள்ளிவைக்கப்பட்டது. சம்பந்தி வீட்டார் அதைப் புரிந்துகொண்டார்கள். அந்த வருடம் யாரும் புரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது.

மாமாவின் காசை வங்கி வழியாகவே அனுப்பச் சொன்னோம். அதையும் ரீச்சரின் காசில் 6 இலட்சத்தையும் சேர்த்து 20 இலட்சம். அதை இரண்டு வங்கிகளில் 10, 10 இலட்சமாக வைத்தோம். காரணம், வங்கி முறிந்தால் இலங்கையின் வைப்புக் காப்புறுதித் திட்டம் அப்போது ஒரு வைப்பாளருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் வரைதான் ஈடுசெய்தது. வட்டியை மாதாமாதம் எடுக்கும்படி வைத்தோம். கடை ஓடாத அந்தக் காலத்தில் வீட்டுச் செலவை அதுதான் தாங்கியது.

மிகுதி 9 இலட்சத்தை ஒக்டோபரில் 364 நாள் திறைசேரி உண்டியலில் (அரசாங்கம் குறுகிய காலக் கடன் வாங்கும் பத்திரம்) போட்டார்கள். வருமானம் 29 வீதம் அளவில். இதற்கு ரீச்சர் இலகுவில் சம்மதிக்கவில்லை. "அரசாங்கமே கடன் கட்டேலாது எண்டு சொல்லுது. அதுக்கே நான் கடன் குடுக்கிறதோ தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கட்ட முடியாது என்று அரசாங்கம் சொன்னது வெளிநாட்டுக் கடனை. ரூபாய்க் கடனைக் கட்ட ரூபாய் கிடைக்கும், ஆனால் அதன் பெறுமதி தேயலாம், உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைக்கலாம், அதாவது கட்டும் காலத்தையோ வட்டியையோ மாற்றலாம் என்ற பேச்சும் இருக்கிறது, அந்த ஆபத்துக்குத்தான் 29 வீதம் தருகிறார்கள் என்று விளக்கினேன். முழுவதையும் போடாமல் ஒரு பங்கை மட்டும் போட்டதும் அதனால்தான்.

செப்டெம்பர் மாதப் பணவீக்கம் 69.8 வீதம். அதை வைத்து மகன் "29 வீதம் வந்தாலும் நட்டம்தானே" என்றார். அந்த 69.8 வீதம் கடந்த 12 மாதத்தில் விலை ஏறிய கணக்கு. இவர்கள் வாங்கும் உண்டியலுக்கு அடுத்த 12 மாதத்தின் விலைதான் முக்கியம். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதத்துக்கு இறங்கியிருந்தது. அவ்வளவு இறங்கும் என்று நாங்கள் யாரும் எண்ணவில்லை. விலை ஏற்கெனவே உச்சத்துக்கு ஏறிவிட்டது, வட்டியும் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது, அதே வேகத்தில் இன்னொரு வருடம் ஏறாது என்பது மட்டுமே எங்கள் கணிப்பு.

2023 ஜூன் இறுதி: ஐந்து நாள் விடுமுறை

2023 மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. அதோடு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புப் பேச்சு சூடுபிடித்தது. ஜூன் 30 விசேட வங்கி விடுமுறை என்று அறிவித்ததும் வியாழன் முதல் திங்கள் வரை வங்கிகள் மூடியிருக்கும் என்றானது. காசை எடுத்தாயிற்றா என்ற கேள்விதான் சந்திக்குச் சந்தி.

ரீச்சர் புதன்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். வைப்பை முறிக்க வேண்டுமா? நான் சொன்னது இது. வைப்புகளைத் தொடமாட்டோம் என்று மத்திய வங்கி ஆளுநர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையை நம்பாவிட்டாலும், உங்கள் ஒவ்வொரு வைப்பும் காப்புறுதி எல்லைக்குள் இருக்கிறது. முறித்தால் வட்டி இழப்பு நிச்சயம், வீட்டில் 20 இலட்சம் வைத்திருப்பதன் ஆபத்தும் நிச்சயம். முடிவை அவர்தான் எடுத்தார். முறிக்கவில்லை.

ஜூலை 1, சனிக்கிழமை, பாராளுமன்றம் 122க்கு 62 என்ற வாக்குகளில் மறுசீரமைப்பை ஏற்றது. சுமை விழுந்தது ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளின்மேல் (அரசாங்கத்தின் நீண்ட காலக் கடன்பத்திரங்கள்). வங்கி வைப்பும் தனியாட்களின் திறைசேரி உண்டியலும் தப்பின. ஆனால் மகனின் சேமலாப நிதி தப்பவில்லை. உறுப்பினருக்குக் குறைந்தது 9 வீத வட்டி என்று உத்தரவாதம் கொடுத்தார்கள். தாயின் காசு தப்பியது, மகன் ஓய்வுபெறும்போது எடுக்கப்போகும் காசு விலை கொடுத்தது. இந்தப் பகுதியை ஊரில் யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. பேச வேண்டும். வதந்தி வைப்பைப் பற்றியே சுழன்றதால், உண்மையில் பாதிக்கப்பட்ட சம்பளக்காரர்கள் தங்களுக்கு என்ன நடந்தது என்றே கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை திறந்ததும் பங்குச் சந்தை ஏறியது, வங்கிப் பங்குகள் முன்னுக்கு. தெரியாததொன்று தெரிந்துவிட்டது, அதற்கே ஏற்றம்.

ஒக்டோபரில் உண்டியல் முதிர்ந்து 11 இலட்சத்துக்கு மேல் கைக்கு வந்தது. 2024 தையில் கோப்பாயில் அத்திவாரம் போட்டார்கள்.

2024: இரண்டு தேர்தல்கள்

இதற்கிடையில் மகன் மறுபடி பங்கு வாங்கத் தொடங்கியிருந்தார். இந்தமுறை தன் சம்பளத்திலிருந்து, மாதாமாதம், கடன் இல்லாமல். 2024 ஆகஸ்ட்டில் அவரிடம் 6 இலட்சம் பெறுமதியான பங்குகள் இருந்தன, பெரும்பாலும் வங்கிகள். அதில் 2 இலட்சம் டிசெம்பரில் தங்கையின் வீட்டுக்கு மாபிள் போட என்று அவர் ஒத்துக்கொண்டது.

செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். அனுர குமார திசாநாயக்க வென்றால் நாணய நிதியத் திட்டம் முறியும், பங்குகள் குப்பையாகும் என்று செய்தி பரவியது. ஜூனிலிருந்து சந்தை தேய்ந்து, செப்டெம்பரில் சுட்டெண் 11,000க்குக் கீழே நின்றது. மகன் வந்து கேட்டார்: "முழுக்க வித்துட்டு தேர்தல் முடிய வாங்குவமா?"

நாங்கள் மூன்று விடயத்தைப் பார்த்தோம். யார் வெல்வார் என்று எங்களுக்குத் தெரியாது. வென்றவர் என்ன செய்வார் என்று அதைவிடத் தெரியாது. இந்தப் பயம் எல்லோருக்கும் இருப்பதால் விலையில் அது ஏற்கெனவே இறங்கியிருக்கிறது. அதோடு விற்று வாங்கினால் ஒவ்வொரு பக்கமும் 1.12 வீதம் கட்டணம். ஆகவே திகதி உள்ள 2 இலட்சத்தை மட்டும் ஆகஸ்ட் கடைசியில் விற்று வைப்பில் போட்டார். மிகுதி 4 இலட்சத்துக்கு ஐந்து வருடத்துக்குத் தேவை இல்லை. அதைத் தொடவில்லை.

இங்கிருந்து தேர்தலைக் கணிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி. ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முதலாவது, தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் இரண்டாவது. அனுரவுக்கு இங்கே 10 வீதமும் கிடைக்கவில்லை. நாட்டளவில் அவர் 42.31 வீதத்தோடு, வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணப்பட்டு, வென்றார். எட்டு வாரத்துக்குள், நொவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில், அதே யாழ்ப்பாணம் அவரது கட்சியை முதலிடத்துக்குக் கொண்டுவந்து ஆறு ஆசனத்தில் மூன்றைக் கொடுத்தது. நாட்டில் 159 ஆசனம். சுன்னாகம் சந்தையில் தினமும் நூறு பேரோடு பேசும் தகப்பனுக்கே இது புதினம்.

தேர்தலுக்கு அடுத்த திங்கள் இலங்கையின் டொலர் கடன்பத்திரங்கள் விழுந்தன. ஆனால் ஒக்டோபர் தொடக்கத்தில் புதிய அரசாங்கம், பழைய அரசாங்கம் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னர் கடன்கொடுநர்களோடு செய்த இணக்கத்தையே தொடர்வதாக உறுதிசெய்தது. நாணய நிதியத் திட்டமும் தொடர்ந்தது. நொவம்பர் 27இல் மத்திய வங்கி 8 வீதத்தில் ஒற்றைக் கொள்கை வட்டியை அறிவித்தது. டிசெம்பரில் கடன்பத்திர மாற்றம் முடிந்து, தரப்படுத்தல் நிறுவனங்கள் நாட்டின் மதிப்பை உயர்த்தின. வருட முடிவில் சுட்டெண் 15,944.

மகனின் 4 இலட்சம் 6 இலட்சமானது. சரி, விற்ற 2 இலட்சம்? விற்காமல் விட்டிருந்தால் 3 இலட்சம். "ஒரு இலட்சம் போச்சு" என்று வீட்டில் ஒரு மாதம் கதை. இந்த இடத்தில் நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது: அந்த விற்பனை சரியான முடிவு. விலை பிறகு ஏறியதால் அது பிழையாகிவிடாது. டிசெம்பரில் மாபிள் கடைக்காரருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது ஆகஸ்ட்டிலேயே தெரியும். சுட்டெண் 16,000க்குப் போகும் என்பது ஆகஸ்ட்டில் யாருக்கும் தெரியாது. 2021இல் கடன் எடுத்து வாங்கியபோதும் மூன்று மாதம் அது நல்ல முடிவு போலத்தான் தெரிந்தது.

2025: உச்சமும் வரியும்

ஜனவரியில் சந்தை புதிய உச்சத்தில் நின்றபோது பழைய நண்பர்கள் கடன் வசதியைப் பற்றி மறுபடி பேசினார்கள். மகனுக்கும் ஆசை வந்தது. இந்தமுறை ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்து தமிழில் வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும் ரீச்சர் ஒன்றும் சொல்லாமல் தன் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக் காட்டினார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி அறிவித்தார். எங்கள் ஆடை ஏற்றுமதியின் பெரிய சந்தை அமெரிக்கா. 7ஆம் திகதி முக்கிய 20 கம்பனிகளின் சுட்டெண் 5 வீதத்துக்கு மேல் விழுந்து வியாபாரம் அரை மணிநேரம் நிறுத்தப்பட்டது. மகனிடம் ஏற்றுமதிக் கம்பனிப் பங்கொன்றும் இருந்தது. அன்று அவர் என்னை அழைக்கவில்லை, பிறகுதான் சொன்னார். தாளை எடுத்துப் பார்த்தாராம், அந்தக் காசுக்குத் திகதி இல்லை, விட்டுவிட்டாராம். இரண்டு நாளில் வரி 90 நாட்களுக்கு ஒத்திவைக்கப்பட்டது, ஆகஸ்ட்டில் 20 வீதமாகக் குறைந்தது. சுட்டெண் அந்த மாதம் 20,000ஐத் தாண்டியது. வேறு விதமாக நடந்திருந்தாலும் அவரைக் கட்டாயமாக விற்கவைக்க யாராலும் முடிந்திருக்காது.

இன்றைய நிலை

வீட்டுக்குப் பால் காய்ச்சியாயிற்று. மேல்மாடி இல்லாமல், முதலில் போட்ட வரைபடத்தைவிடச் சிறியதாக. 2022இல் போன 9 இலட்சத்தின் அளவு அதில் குறைந்திருக்கிறது என்று தகப்பன் கணக்குச் சொல்வார். கடை மெல்ல நிமிர்ந்துவிட்டது. மகனின் பங்குகள் ஐந்து கம்பனிகளில் இருக்கின்றன. கடன் இல்லை.

இனி வேறுமாதிரிச் செய்பவை

இந்த நிகழ்வுக்குப் பிறகு என்னிடம் முதலீட்டுக் கேள்வியோடு வருபவர்களிடம், எந்தப் பங்கு என்று பேசுவதற்கு முன் திகதித் தாளை எழுதிக் கையெழுத்திட வைக்கிறேன். வீட்டில் காசு வைத்திருக்கும் எல்லோரும் அதில் கையெழுத்திட வேண்டும். 2021இல் கணக்கு ரீச்சரின் பெயரில், முடிவு மகனுடையது, புத்தி சொன்ன தகப்பனுக்கு அதில் இடமே இல்லை.

தரகர் கடனை நாடுபவர்களுக்கு ஒப்பந்தத்தின் இரண்டு பந்திகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்: எந்த மட்டத்தில் மேலதிகக் காசு கேட்பார்கள், எந்த மட்டத்தில் கேட்காமல் விற்பார்கள். அந்த மட்டத்துக்கு விலை வந்தால் காசு எங்கிருந்து வரும் என்று எழுதச் சொல்கிறேன். "நகை" என்று எழுதுபவரை நான் அந்தக் கடனுக்கு அனுப்புவதில்லை. தரகர் நிறுவனங்கள் தாமாகவே இதைத் தமிழில் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கணக்குத் திறக்கச் செய்துவிட்டு ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது நியாயமில்லை.

மத்திய வங்கியின் வட்டி மீளாய்வுத் திகதிகள் வருடத் தொடக்கத்திலேயே அறிவிக்கப்படுகின்றன, அறிக்கைகள் தமிழிலும் வருகின்றன. அவற்றை நாட்காட்டியில் குறித்துக் கொடுக்கிறேன். தேர்தல் காலத்தில் இந்தக் குடும்பம் கேட்ட வட்ஸ்அப் செய்திகளில் பெரும்பாலானவை அந்த அறிக்கையின் ஒரு பக்கத்தை வாசித்தாலே அடங்கியிருக்கும்.

மகனின் சேமலாப நிதிக் கணக்கை இப்போது வருடாவருடம் சேர்த்துப் பார்க்கிறோம். ஒவ்வொரு வருடமும் என்ன வட்டி சேர்ந்தது, விலைவாசியோடு ஒப்பிட்டால் அது கூடியதா குறைந்ததா என்று எழுதி வைக்கிறார். ஓய்வுக்கு இன்னும் முப்பது வருடம் இருப்பதால், பங்கில் நீண்ட காலத்துக்கு விடும் பகுதியின் அளவை இனி அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தீர்மானிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.